கிணற்றில் இறக்கிய பிரெஞ்சு வைன்

இரணைமடுக் குளத்தடிப் பங்களாவில் நான் குசினிக்காரனாக இருந்தபோது புதிதாக ஒரு என்ஜினியர் ஐயா மாற்றலாகி வந்தார். முதல் நாளே, என் மீன் குழம்பில் ஒரு வாய் வைத்துவிட்டுச் சோற்றுக் கோப்பையைத் தள்ளினார்.

"உறைப்பு மண்டையில ஏறுது. சனிக்கிழமை என்ர மாமா, மனிசியின்ர தகப்பன், கொழும்பால வாறார். அவருக்கும் பிடிக்காட்டி, திங்கட்கிழமை நீர் அணைக்கட்டுக்கு மண் சுமக்கப் போம்."

எனக்கு ஆட்களோடு கதைக்கக் கூச்சம். "ஓம் ஐயா" என்றேன்.

சனிக்கிழமை வந்த அந்த மாமாவை நான் பெரியையா என்பேன்; ஓய்வுபெற்ற டாக்குத்தர். துவாயில் சுற்றி ஒரு போத்தல் கொண்டுவந்தார். பிரெஞ்சுச் சிவப்பு வைன். மகள் பிறந்த வருசம் வாங்கி, மருமகனோடு குடிப்பதற்கென்று இத்தனை காலமும் படுக்கவைத்திருந்தாராம். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கோர்க் மூடியைக் கழற்றிப் போத்தலை என்னிடம் தந்தார்.

"இப்பிடியே திறந்து வையும், காத்துப் படட்டும். பின்னேரம் குடிப்பம்."

எங்கள் பக்கத்தில் காலையில் இறக்கிய கள்ளே பின்னேரம் புளித்துவிடும். இது எத்தனையோ வருசத்துச் சாமான். பழுதானால் பழி என் தலையில்தான். கோர்க்கை இறுக்கி அடித்து, போத்தலின் கழுத்தில் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டேன்.

பின்னேரம் பெரியையா ஒரு வாய் குடித்தார். முகம் சுருங்கியது. "செத்துப்போச்சுப் போல."

"போத்தல் ஏன் ஐஸ் மாதிரிக் கிடக்கு?" என்றார் ஐயா.

கதவுக்குப் பின்னால் நின்றபடியே சொன்னேன். "புளிச்சுப் போகுமெண்டு கிணத்துக்குள்ள விட்டனான்."

"திங்கட்கிழமை மண்வெட்டியோட வாரும்" என்றார் ஐயா.

பெரியையாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவருக்குக் கள்ளுத்தானே பழக்கம். தம்பி, நீரும் ஒரு கிளாஸ் எடுத்துக்கொண்டு வாரும். நீர் செய்த வேலையை நீரே குடிச்சுப் பாரும்."

குடித்தேன். "கடுக்காய் அவிச்ச தண்ணி மாதிரிக் கிடக்கு. நாக்கு ஒட்டுது."

"அந்தத் துவர்ப்புத்தான் இவ்வளவு காலமும் இதைப் பழுதாக விடாமல் வச்சிருந்தது. கிளாசைக் கையால பொத்திப் பிடியும், குளிர் போகட்டும். சாப்பிடேக்க பாப்பம்."

அன்று மான் இறைச்சியை மிளகு மட்டும் போட்டுப் பிரட்டியிருந்தேன். சாப்பாட்டின் நடுவில் பெரியையா மறுபடி கிளாசை முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்ப சொல்லும்."

"நாவற்பழம்" என்றேன். இன்னொருக்கால் முகர்ந்தேன். "பிறகு பாடம் போட்ட புகையிலை."

ஐயாவும் தன் கிளாசுக்குள் மூக்கை விட்டார். "எனக்குக் கந்தோரில பழைய பைல் அலுமாரி திறந்த மாதிரி மணக்குது மாமா."

"அதுவும் இருக்கு" என்றார் பெரியையா. ஒரு வாய் குடித்து வாய்க்குள் வைத்திருந்தார். "துவர்ப்பு இறங்கீட்டுது. முதல் வாயோட வெளியில ஊத்தியிருந்தா, என்ர மகளின்ர வயசை எல்லோ ஊத்தியிருப்பம்."

ஐயா என்னைப் பார்த்தார். பிறகு கோப்பையை நீட்டினார். "இறைச்சி இன்னும் இருக்கோ?"

திங்கட்கிழமை நான் குசினியில்தான் நின்றேன். அடுத்த கிழமையே ஐயா, "என்ன, இப்ப உறைப்புக் காணாது" என்று குறைப்பட்டார்.

குசினி வேலைக்கு வரும் தம்பிமாருக்கு ஒன்று சொல்வேன். மாறி வரும் ஐயாமார் எல்லாரும் கிணற்றிலிருந்து தூக்கிய போத்தல் மாதிரித்தான். முதல் நாள் சொல்வதை மனதில் எடுக்கவேண்டாம். கொஞ்சம் சூடேற விடுங்கோ.