கதவில் ஒட்டிய சம்மன்

திண்டிவனம் நீதிமன்றத்தில் சம்மன் கொண்டுபோய்க் கொடுப்பதும், தீர்ப்பு வந்தால் வீட்டைக் காலி செய்து கொடுப்பதும் என் வேலை. ஊரார் எனக்கு வைத்த பெயர் அமீனா. பி.ஏ. படித்தவன், அழகாகக் கையெழுத்து எழுதுகிறவன் என்று அலுவலகத்தில் மரியாதை உண்டு. அந்த அழகான கையெழுத்தில் நான் எழுதியவற்றில் பாதி பொய்.

சம்மனை ஆளிடம் நேரில் கொடுக்க வேண்டும். ஆள் இல்லாவிட்டால் கதவில் ஒட்டி, அந்த ஊர் ஆட்கள் இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் ஓர் அமாவாசையன்று செஞ்சி சாலையில் உள்ள ஒரு கிராமத்துக்குச் சம்மன் இருந்தது. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் கூட்டம் பேருந்துப் படிக்கட்டு வரை தொங்கியது. நான் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்து, 'வீட்டில் ஆள் இல்லை, கதவில் ஒட்டினேன்' என்று எழுதிக் கடைக்காரரிடம் நீட்டினேன்.

"இன்னா அமீனா சார், நேத்து மரக்காணம் பக்கம் சாட்சி, இன்னிக்கி செஞ்சி பக்கமா? நான் கல்லாவ உட்டு எழுந்திரிக்கல, என் கையெழுத்து மட்டும் ஊரெல்லாம் சுத்திக்கினு வருது!"

"போடுய்யா. பக்கத்துல இருக்கறவரையும் போடச் சொல்லு."

கடைக்காரர் போட்டார், பக்கத்திலிருந்தவரும் போட்டார். வடை தின்ற எண்ணெய் விரலின் தடம் தாளில் பதிந்தது. அதையும் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

அந்த வழக்கைத் தொடுத்தவர் அந்த ஊர் நிலக்காரர். அவருடைய அப்பா தன் நிலத்தில் வேலை செய்த குடும்பத்துக்கு வாய்வார்த்தையாகக் கொடுத்த வீட்டுமனையை இவர் திரும்பக் கேட்டார். அந்தக் குடும்பத்தில் மிஞ்சியிருந்தது ஒரு விதவை. வழக்கே தெரியாததால் அவள் வரவில்லை. வராததால் தீர்ப்பு ஒருதலையாக நிலக்காரர் பக்கம் ஆனது.

காலி செய்யப் போனபோது என்னோடும் நிலக்காரரோடும் ஒரு வேன் நிறையப் போலீஸ் வந்தது. எதிரே நின்றது அவளும் இரண்டு ஆடுகளும். அப்போதுதான் அந்த வீட்டை முதல்முறையாகப் பார்த்தேன். அதற்குக் கதவே இல்லை. வாசலில் ஒரு கோணிச் சாக்கு தொங்கியது.

"எனுக்கு ஒரு காயிதமும் வர்லீங்க. வந்திருந்தா ஓடியாந்திருக்க மாட்டனா?" என்று அவள் சப்-இன்ஸ்பெக்டரிடம் அழுதாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "ஒட்டினீங்களா?"

"ஒட்டினேன் சார்."

"எங்க?"

"கதவுல."

ஏட்டு சாக்கை லத்தியால் தூக்கிப் பார்த்து, "கதவு ரொம்ப சாஃப்ட்டா இருக்குது சார்," என்றார். போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். சப்-இன்ஸ்பெக்டரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஜல்தி முடிங்க, மத்தியானம் வேற பந்தோபஸ்து இருக்குது," என்றார். அங்கிருந்த அத்தனை பேருக்கும் என் பொய் தெரிந்துவிட்டது. ஒருவருக்கும் அது பொருட்டாக இல்லை. சட்டத்தைக் காக்க வந்தவர்கள் அல்லவா!

மல்லாட்டைக் கடலை மூட்டை, மாதா படம், சட்டி பானை எல்லாம் தெருவுக்கு வந்தன. பூட்டி ஒப்படைக்கக் கதவு வேண்டும் என்பதால் நிலக்காரர் தச்சரை வைத்து ஒரு புதுக் கதவை மாட்டினார். அதில் பூட்டுப் போட்டு, சாவியை அவரிடம் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டேன்.

கிளம்பும்போது அவள் என்னிடம் வந்தாள். "அய்யா, நீங்க படிச்சவரு. இனிமே ஏதாவது வழி இருக்குதுங்களா?"

இருந்தது. சம்மன் வரவில்லை என்று அன்றிலிருந்து முப்பது நாளுக்குள் மனுப் போட்டிருந்தால், கதவில்லாத வீட்டின் கதவில் நான் எப்படி ஒட்டினேன் என்று நீதிபதி கேட்டிருப்பார். அவளுக்கு வீடு திரும்பக் கிடைத்திருக்கலாம். என் வேலை போயிருக்கும்.

"எல்லாம் முடிஞ்சி போச்சும்மா," என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அதனால் நம்பிவிட்டாள். கோணிச் சாக்கை உதறி மடித்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஆடுகளை ஓட்டிக்கொண்டு நடந்தாள்.

முப்பது நாளும் நீதிமன்ற வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வரவில்லை. முப்பத்தோராம் நாள் நிம்மதியாக டீக்கடையில் போய் உட்கார்ந்து, அடுத்த சம்மனுக்குக் கையெழுத்து வாங்கினேன்.