அரை நொடியில் கிடைத்த படம்

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலை ஆபீசில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்த காலம் அது. இரண்டாயிரம் பிறந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். வேலூரிலிருந்து காலை ரயிலில் போய்ச் சாயங்கால ரயிலில் திரும்புவேன். என் தம்பி பிரௌசிங் சென்டரில் இறக்கிப் பென் டிரைவில் போட்டுக்கொடுத்த ஒரு குட்டி புரோகிராமால்தான் எனக்கு அங்கே பேர் வந்தது. பார்க்க ஒரு வெள்ளைக் கட்டம், அவ்வளவுதான். அதில் இரண்டு எழுத்து அடிப்பதற்குள், அந்த எழுத்து பேரில் வருகிற ஃபைலெல்லாம் கீழே வரிசையாக வந்து நிற்கும். அதற்கு முன்னால், கம்ப்யூட்டரோடு வந்த தேடும் பெட்டியின் மூலையில் ஒரு மஞ்சள் நாய்க்குட்டி பொம்மை உட்கார்ந்திருக்கும். நான் டீ குடித்துவிட்டு வந்தாலும் அந்தச் சனியன் வாலைத்தான் ஆட்டிக்கொண்டிருக்கும்.

எங்கள் மேனேஜர், தோல் வாங்கும் வெளிநாட்டு பையரை ஃபோனில் நிறுத்திவைத்துவிட்டு ஒரு கலர் நம்பரைச் சொல்வார். அவர் சொல்லி முடிக்கும்போது அந்தத் தோலின் படம் திரையில் இருக்கும். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. கம்ப்யூட்டருக்குள் இருக்கிற எதுவும் என்னிடமிருந்து தப்பாது என்று கேண்டீன் வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த வாய்க்கொழுப்புதான் அந்தப் பெண்ணை என் மேஜைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது.

ஏழு மாத வயிறு. இருபது வயதுகூட இருக்காது. அவள் புருஷன் எங்களிடம் கான்ட்ராக்ட் ஆள். தோலைப் போட்டுச் சுற்றும் பெரிய மர டிரம் பக்கம் வேலை. இரண்டு வாரத்துக்கு முன்னால் காலை ஷிஃப்டுக்கு சைக்கிளில் வரும்போது ஹைவேயில் லாரி அடித்துப் போய்ச் சேர்ந்துவிட்டான். கம்பெனியில் ஒரு நிமிஷம் எழுந்து நின்றோம், அப்புறம் உட்கார்ந்துவிட்டோம்.

அவளுக்கு வேண்டியிருந்தது அவனுடைய ஒரு போட்டோ. இரண்டு வீட்டுக்கும் பிடிக்காமல் கோயிலில் தாலி கட்டிக்கொண்டவர்கள், அன்றைக்குப் படமெடுக்க யாரும் இல்லை. குடியாத்தத்தில் அவன் அம்மா வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். அவன் ஓடிப்போன அன்றைக்கே இருந்த படத்தையெல்லாம் அடுப்பில் போட்டாயிற்று என்று சொல்லிக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். கம்பெனி கொடுத்த ஐடி கார்டு அவன் சட்டைப்பையில் இருந்தது. லாரிச் சக்கரம் ஏறியதில் அதுவும் போயிற்று.

"புள்ள பொறந்தா இதான் உங்கப்பான்னு காட்ட ஒரு மூஞ்சி வேணும்கா. வேற ஒண்ணும் வேணாம். நீங்க தேடுனா கெடைக்குமாமே."

உட்காரச் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன், பாவி. அவன் பேரை அடித்தேன். கட்டத்துக்குக் கீழே வெறும் வெள்ளை, அடியில் ஒரு பூஜ்யம். சரி, ஐடி என்று அடித்தேன். ஒரே ஒரு ஃபைல் வந்தது. திறந்தால் வாட்ச்மேன் மீசையை முறுக்கிக்கொண்டு பார்க்கிறார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் செய்த வேலை எனக்குத் தெரியாதா? எங்கள் ஆபீசில் எல்லாக் கடிதமும் அப்படித்தான். பழைய கடிதத்தைத் திறந்து, அதன் மேலேயே பேரையும் தேதியையும் மாற்றி அடித்து, பிரிண்ட் எடுத்து, சேவ் பண்ணிவிடுவோம். பேப்பர் பாக்ஸ் ஃபைலுக்குப் போனால் வேலை முடிந்தது. எங்களுக்குக் கம்ப்யூட்டர் என்பது திரை வைத்த டைப்ரைட்டர். ஐடி கார்டையும் நான் அப்படியே போட்டேன். மறுநாள் ஆடிட், தொழிலாளிகளுக்கு கார்டு, பாதுகாப்பு எல்லாம் இருக்கிறதா என்று பையர் அனுப்பும் ஆள் வந்து பார்ப்பார், இருநூறு பேருக்கு ஒரே நாளில் கார்டு வேண்டும். முதலாளி வீட்டு கேமராவில் இருபது படம்தான் பிடிக்கும். இருபது பேரை எடுப்பேன், ஒரு முகத்தின் மேல் அடுத்த முகத்தை ஒட்டுவேன், பிரிண்ட் கொடுப்பேன், கேமராவில் இருந்ததை அழித்துவிட்டு அடுத்த இருபது பேரைக் கூப்பிடுவேன். கடைசியாக வந்தவர் வாட்ச்மேன். அவள் புருஷன் முகத்தை அழித்த கை என் கைதான்.

இதை அவளிடம் சொல்லவில்லை. இன்னும் தேடுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

படங்கள் எல்லாவற்றையும் வரவழைத்தேன். ஆயிரக்கணக்கில் வந்து கொட்டின. எல்லாம் தோல். உண்ணி கடித்த தழும்பு, கத்தி பட்ட கீறல், சாயம் திட்டாக நின்ற இடம். செத்த ஆட்டின் ஒவ்வொரு தழும்புக்கும் எங்களிடம் படம் இருந்தது. அந்தத் தோலை ஊறவைத்துத் தூக்கிச் சுமந்தவர்களுக்கு இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மவுஸைத் தூக்கி அடித்திருப்பேன். யார் மேல் அடிப்பது?

அப்புறம் ஆடிட் என்று அடித்தேன். அரை நொடி. ஆடிட்டர் சுற்றிப் பார்த்தபோது எடுத்த படங்கள் வந்தன. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனேன். ஒரு டிரம்முக்குப் பக்கத்தில் ஐந்து பேர் நின்றிருந்த படத்தில் அவள் என் கையைப் பிடித்தாள்.

"இவருதான்."

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். ஒரு காலைத் தூக்கி இன்னொரு காலின்மேல் வைத்து நிற்கிறார் பாருங்கள், வீட்டிலும் அப்படித்தான் நிற்பார் என்றாள். பெரிதாக்கிக் காட்டினேன். கண் இரண்டும் கேமராவை நேராகப் பார்க்கின்றன. மூக்கும் வாயும் தாடையும் வெள்ளை மாஸ்க்குக்குள். மற்ற நாளில் எங்களிடம் யாரும் மாஸ்க் போட்டதில்லை. ஆடிட் அன்று காலையில் அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்போம், ஆடிட்டர் கார் கேட்டைத் தாண்டியதும் எண்ணித் திரும்ப வாங்கி வைப்போம். ஒரே ஒரு நாள் போட்டான், அன்றைக்குத்தான் படமெடுத்தோம்.

அவள் திரைக்கு வெகு அருகில் போய் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, அத கம்ப்யூட்டர்ல எடுத்துட முடியாதா?"

முடியாதும்மா என்றேன். அதற்குக் கீழே இருப்பது படத்தில் இல்லை என்று அவளுக்குப் புரியவைக்க எனக்கு ரொம்ப நேரம் ஆனது. கலர் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்தேன். மேனேஜர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இன்னா மேடம் பண்றது, நம்ம கையில இன்னா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்யதை?

நாலு நாள் கழித்துத் திரும்ப வந்தாள். ஸ்டேஷன் பக்கம் ஒரு ஸ்டூடியோக்காரர் மாஸ்க்கை அழித்துவிட்டு முகம் ஒட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மூக்கு, தாடை எல்லாம் அவள் வாயால் சொல்லச் சொல்லப் பொருத்திவிட்டார். வாய் எப்படி என்றுதான் கேட்டிருக்கிறார். சிரிக்கிற வாயா, மூடின வாயா?

"நீங்கதானக்கா கார்டுக்குப் படம் எடுத்தீங்க. அதுல எப்டி இருந்தாரு?"

நினைத்துப் பார்த்தேன். சத்தியமாக நினைத்துப் பார்த்தேன். அந்த முகத்தை இதே திரையில் பெரிதாக வைத்து, ஓரம் வெட்டி, கட்டத்துக்குள் உட்காரவைத்தவள் நான். ஒன்றுமே வரவில்லை. இருநூறில் ஒன்று. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். நான்தான் அழித்தேன் என்றாவது அப்போது சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்லத் தைரியம் இல்லை.

சிரித்தார் என்றேன். நன்றாகச் சிரித்தார்.

பெண் குழந்தை பிறந்தது. தொட்டிலில் போடுகிறேன், கட்டாயம் வரணும் என்று ஆள் அனுப்பியிருந்தாள். போனேன். ஒற்றை அறை, சுவரில் மாலை போட்ட படம். அவன் கண்ணுக்குக் கீழே வேறு யாருடைய வாயோ பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு, குழந்தையை என் மடியில் கிடத்தியபடியே சொன்னாள்.

"பல்லு தெரிய அவரு சிரிச்சு நான் பாத்ததே இல்லக்கா. எனக்குத்தான் மறந்துபோச்சு போல. நீங்க பாத்தீங்கல்ல."