திமிங்கிலத்தைத் தட்டிக் கூப்பிட்டேன்

"1926 மாசி, ஏடன், காலை. குட்டியுடன் திமிங்கிலம். தவறு என்னுடையது." என் நாட்குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது. ரங்கூன் வாசகர்களுக்காக மீதியையும் எழுதுகிறேன்.

வியாபார வேலையாக ஏடன் போயிருந்த நான், அங்கே கடை வைத்திருக்கும் என் மச்சானுடன் ஓங்கில் எனப்படும் டால்பின்களைப் பார்க்கப் படகேறினேன். கரை நெடுக மணலும் கரும்பாறையும்தான். ஒரு மரம்கூட இல்லை. சற்றுத் தள்ளித் தண்ணீரில் ஒரு கரிய முதுகு தெரிந்தது. பர்மாவில் மாந்தளைப் பக்கம் ஐராவதி ஆற்றில் மீனவர்கள் படகின் விளிம்பைத் தட்டினால் ஓங்கில்கள் அருகே வருவதைப் பார்த்திருக்கிறேன். அந்த நினைப்பில் கைத்தடியால் நானும் தட்டினேன்.

அரபுப் படகோட்டி பாய்ந்து தடியைப் பறித்துக்கொண்டு ஏதோ கத்தினார்.

"என்ன சொல்றாரு, மச்சான்?" என்று கேட்டேன்.

"அது ஓங்கில் இல்லையாம், குட்டியோட திமிங்கிலமாம். கூப்பிட்டுட்டியே, வந்தா எங்கே உட்கார வைப்பேன்னு கேக்குறாரு!"

நான் சிரிப்பதற்குள் படகைவிட நீளமான முதுகு பக்கத்திலேயே எழுந்தது. படகு சாய்ந்து, கணுக்கால் அளவு தண்ணீர் உள்ளே ஏறியது. படகோட்டி துடுப்பை அசைக்கவில்லை, நாங்களும் அசையவில்லை. குட்டி விலகிய பிறகே தாயும் விலகியது.

இப்போதெல்லாம் ரங்கூன் பக்கத்துத் த்வாண்டே கால்வாயில் போனாலும், படகோட்டியைக் கேட்காமல் நான் எதையும் செய்வதில்லை. நான் தட்டியதால்தான் அது வந்ததா, தானாகவே வந்ததா என்பது மட்டும் இன்றுவரை உறுதியாகவில்லை. அதை எழுத நாட்குறிப்பில் அதன் கீழே ஒரு வரியை வெறுமையாகவே விட்டிருக்கிறேன்.