குடிக்காமல் விற்ற ஷிராஸ்

ஒயின் பரிமாறும் வேலையில் நாக்கைவிட மூக்குதான் சம்பளம் வாங்கித் தருகிறது. கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடும் தாய்மார்களே, என் பயம் உங்களுக்குப் புரியும். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்துத் திருச்சியில் ஒரு ஹோட்டலுக்குப் போகிறேன். அங்கே ஆஸ்திரேலியாவின் குளிர்ந்த மலைத் திராட்சைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் ஒரே ஒரு பெட்டி வந்து இறங்கியது. “கான்வென்ட் இங்கிலீஷ் இருக்கே, நீங்களே வித்துக் குடுங்க. நான் கணக்குப் பாக்குற நாளுக்குள்ள பெட்டி காலியாகலைன்னா ராத்திரி ஷிஃப்ட்தான்” என்றார் மேனேஜர். ராத்திரியில் என் மகள் என்னைத் தவிர யாரிடமும் தூங்க மாட்டாள்.

மிளகு வாசனை

பால் கொடுப்பதால் ஒரு சொட்டுகூட நாக்கில் வைக்கவில்லை. கிளாஸைச் சுழற்றி மோந்து பார்த்தேன். அட! அப்போதுதான் இடித்த மிளகு! பின்னாலேயே நாவல்பழம்! குளிர் மலை ஷிராஸுக்கு அது வழக்கம்தான் என்று பிறகு படித்தேன். அன்றைக்கு என்னவோ நானே கண்டுபிடித்த மாதிரி கிளாஸோடு கிச்சனுக்கு ஓடினேன். குடியே தொடாத குக் அன்வர் அண்ணன் எட்டி நின்று மூக்கை மட்டும் நீட்டினார். “என்ன தங்கச்சி, நம்ம ரசத்தை பாட்டில்ல அடைச்சு நமக்கே விக்கிறானா?”

ரூம் டெம்பரேச்சர்

சிவப்பு ஒயினை ரூம் டெம்பரேச்சரில் கொடுக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. எந்த ஊர் ரூம் என்று நான் யோசிக்கவில்லை. சித்திரை வெயிலில், ஜன்னலோரமாக, அழகாக அடுக்கி வைத்தேன். தென்னூர் டாக்டர் ஒருவர் ஒரு வாய் குடித்தார், முகம் கோணிப் போயிற்று. போச்சு, ராத்திரி ஷிஃப்ட்தான் என்று நினைத்துக்கொண்டே அந்தக் கிளாஸை எடுத்துக்கொண்டேன்.

இன்னொரு பாட்டிலை ஐஸ் வாளியில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்து வந்தேன். ஊற்றும்போதே மிளகு கிளம்பியது. டாக்டர் குடித்தார், நிமிர்ந்தார். “இவ்வளவு நல்ல சரக்கை வெச்சுக்கிட்டு எதுக்கும்மா எனக்குக் கஷாயத்தைக் குடுத்தீங்க?”

வயசான கொடி

முசிறி வாழை விவசாயி ஒருவர், சிங்கப்பூரில் இருக்கும் மாப்பிள்ளையோடு சாப்பிட வந்தார். எனக்குப் பேச்சு பிய்த்துக்கொண்டு வந்தது. “கொடியெல்லாம் ரொம்ப வயசானது சார். காய்ப்பு கம்மி, ஆனா இருக்கிற பழத்துல சாரம் ஜாஸ்தி. வேற தோட்டத்துப் பழம் ஒண்ணுகூடக் கலக்கலை!” மாப்பிள்ளை உடனே இரண்டு பாட்டில் சொல்லிவிட்டார். மாமனார் விலையைக் கேட்டுவிட்டு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். “காய்ப்பு கொறைஞ்சா வெலை ஏறுமா? ரெண்டு தார் வெட்டுனதும் கட்டையைத் தோண்டிப் போட்டுட்டு இருக்கோமே மாப்ள!”

கடைசி பாட்டில்

மேனேஜர் கணக்குப் பார்க்கும் நாளில் ஒரு பாட்டில் மிஞ்சியிருந்தது. மதியம் ஒரு பேங்க் மேடம் தனியாக வந்தார். பிரமோஷனாம், அதைத் தானே கொண்டாடிக்கொள்ள வந்தாராம். மிளகு, மலை, கொடி எல்லாம் சொல்லி முடித்தேன். “நீங்க குடிச்சிருக்கீங்களா?” என்று ஒரே கேள்வி கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. “இல்லை மேடம், குழந்தைக்குப் பால் குடுக்கிறேன். மோந்து பாத்ததுதான்.” அவர் சிரித்துவிட்டார். “அப்ப திறங்க. எப்படி இருக்குன்னு நான் குடிச்சிட்டுச் சொல்றேன், அடுத்த ஆளுக்கு அதைச் சொல்லி வித்துடுங்க!”

காலிப் பெட்டியை மேனேஜர் மேசையில் கொண்டுபோய் வைத்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. “பலே! பகல் ஷிஃப்டே இருங்க. இன்னும் ரெண்டு பெட்டிக்கு ஆர்டர் போட்டுட்டேன்” என்றார்.

பயந்து பயந்து விற்றுத் தீர்த்தால், எங்கள் தொழிலில் பயம் இரண்டு பெட்டியாகத் திரும்பி வருகிறது.