டிவியில் வந்த இரண்டாவது வரி

பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பயத்தால் அல்ல, எரிச்சலால். செத்தவர்கள் திரும்பி வருவது உண்மையாக இருந்தால் தாயில்பட்டிப் பக்கம் எங்கள் ரோட்டில் பஸ் ஓட இடம் இருக்காது. அத்தனை பேர் பட்டாசு ஆலைகளில் கருகிப் போயிருக்கிறார்கள். அதில் ஒருத்தராவது எழுந்து வந்து முதலாளியின் சட்டையைப் பிடித்தாரா? இல்லை. அதனால் நான் நம்பியதில்லை, இப்போதும் நம்புகிறேன் என்று சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு ஒரு நஷ்டமும் கிடையாது.

என் தம்பி கணேசன் பட்டாசு ஆலையில் மருந்து கலக்குகிற வேலை பார்த்தான். வெடிக்குள் போகிற ரசாயனத்தைத்தான் நாங்கள் மருந்து என்போம். நான் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் லேபிள் வெட்டுகிற மெஷினில் நிற்கிறேன். அம்மா, அவன், நான், மூன்று பேர்தான் வீட்டில்.

எங்கள் அச்சகத்தில் ஒரு நாள் பழைய சாமான்களை எடைக்குப் போட்டார்கள். அதில் ஒரு கம்ப்யூட்டர் கிடந்தது. கம்ப்யூட்டர் என்றால் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. வெறும் கீபோர்டு மட்டும், கொஞ்சம் தடியாக இருக்கும், அவ்வளவுதான். அதற்கென்று திரை கிடையாது, வீட்டு டிவியில் ஒயரைச் சொருகிக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டர் வீடுகளுக்கு வர ஆரம்பித்த காலத்துச் சரக்கு. கணேசன் அதை வாங்கி வந்து, மாதக்கணக்கில் உள்ளே விட்டுப்போன இடங்களை ஈயம் உருக்கிப் பற்றவைத்து உயிர் கொடுத்துவிட்டான்.

மருந்து அறைக்குள் போகிறவர்கள் வாசலில் இருக்கிற செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும், உடம்பில் இருக்கிற மின்சாரம் தரையில் இறங்க. இவன் வீட்டிலும் டிவிக்குப் பக்கத்தில் ஒரு தகட்டை அடித்து வைத்து, அதைத் தொட்டுவிட்டுத்தான் அந்தப் பெட்டியில் கை வைப்பான்.

எதிர்வீட்டு மதினி பார்த்துவிட்டுச் சிரிப்பாள். "ஏலே கணேசா, ஓட்ட டப்பாவுக்குக் கும்புடு போட்டுட்டுத்தான் ஒக்காருவியோ?"

"உள்ள இருக்க சில்லு நம்ம மருந்து மாதிரிதான் மதினி, உடம்புல உள்ள கரண்டு பட்டாலே போயிரும்."

"அப்ப உன்னக் கட்டிக்கிடப் போறவ பாவம்ல."

அந்தப் பெட்டிக்கு ஞாபகம் என்பதே கிடையாது. கரண்ட் போனால் அடித்தது அத்தனையும் போய்விடும். அந்தக் காலத்தில் டேப்பில் பதிந்து வைப்பார்களாம், இவன் தேடிப் பிடித்த எந்த டேப் ரெக்கார்டரும் அதற்கு ஒத்துவரவில்லை. அதனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்து முதலிலிருந்து எல்லாவற்றையும் அடிப்பான். வரிசை வரிசையாக எண்கள். தமிழே தெரியாத மெஷினில் சின்னச் சின்னக் கட்டங்களை அடுக்கி அவனே தமிழ் எழுத்தை உண்டாக்கியிருந்தான். கடைசியில் டிவியில் ஒவ்வொரு கட்டமாக, ஆடி அசைந்து, ஒரே ஒரு வரி வரும். 'அம்மா சாப்பிட்டயா'.

"இதுக்கா லேய் இந்தப் பாடு?" என்று நான் திட்டுவேன். "வாயத் தொறந்து கேட்டா ஆகாதா? எங்கயாவது எழுதியாச்சும் வையி."

"தலைக்குள்ள இருக்குல்ல யக்கா" என்பான்.

அவன் ஏன் அந்த வரியைத் தேர்ந்தெடுத்தான் என்பதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் மருந்து கலக்கப் போகிறவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. போன ஆள் திரும்பி வந்து வாசலில் கால் கழுவுகிற வரைக்கும் வீட்டில் ஒருத்தர் பட்டினி கிடக்க வேண்டும். ஆலைக்குள் செல்போன் கொண்டு போகக் கூடாது, வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வெடிச் சத்தம் கேட்டால் போன் போட்டுக் கேட்கக்கூட வழியில்லை. பட்டினி கிடப்பது ஒன்றுதான் வீட்டில் இருக்கிறவர்களால் முடிந்த காவல். எங்கள் வீட்டில் அதை அம்மா செய்தாள். அவனுக்கு அது பிடிக்காது. சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு டிவியில் எழுதிக் காட்டினான்.

அப்புறம் அந்த நாள் வந்தது. கலந்த மருந்தை மிச்சம் வைக்கக் கூடாது, ராத்திரி கிடந்தால் அது தானே சூடாகும். எங்கள் ஊரில் நண்டு சிண்டுக்குக்கூட இது தெரியும். தீபாவளி ஆர்டர், லோடு நிற்கிறது என்று முந்தின நாள் மிச்சத்தையே எடுத்து அடைக்கச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவன் ஏசி ரூமில் இருந்தான். எடுத்தவன் என் தம்பி.

ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். அம்மா, "மூஞ்சியக் காட்டு, நம்புதேன்" என்றாள். காட்டுவதற்கு இருந்தால்தானே. "அப்ப அது எம்பிள்ள இல்ல, அவன் வருவான்" என்று சொல்லிவிட்டாள். சொன்னதோடு நிற்கவில்லை, அவன் வருகிற வரைக்கும் சாப்பிடுவதில்லை என்று உட்கார்ந்துவிட்டாள். கடுங்காப்பி, நான் சண்டை போட்டால் இரண்டு மடக்குக் கஞ்சி, அவ்வளவுதான். ஆள் பாதியாகிப் போனாள். விருதுநகர் டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, இப்படியே போனால் இவரும் இருக்கமாட்டார் என்று நேராகச் சொல்லிவிட்டார். தம்பியைத் தூக்கிக் கொடுத்த கை காய்வதற்குள் அம்மாவையும் கொடுக்க வேண்டுமா? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்தப் பெட்டி கண் முன்னால் இருக்கிற வரைக்கும் இவள் காத்துக்கொண்டுதான் இருப்பாள், முதலில் அதை ஒழிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மதுரையில் சங்கர் என்று ஒருத்தர், இந்த மாதிரிப் பழைய கம்ப்யூட்டர்களைச் சேர்க்கிற கிறுக்கு, கணேசனுக்குப் போனில் பழக்கம். அவரை வரச் சொன்னேன். நல்ல ஐப்பசி மழை, ஆலைகளெல்லாம் லீவு. மத்தியானம் நனைந்துகொண்டே வந்தார். பெட்டியைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

"எங்க குரூப்புல இத உசுரோட வச்சிருந்தது கணேசன் மட்டும்தான் அக்கா."

"எடுத்துட்டுப் போங்க சார். வீட்டுல இருக்க வேண்டாம்."

அம்மா மூலையிலிருந்து, "வந்து கேப்பான், நீயே பதில் சொல்லு" என்றாள்.

சங்கர் ஒரு தடவை போட்டுப் பார்த்தார். டிவியில் வெள்ளையாக ஒரு திரையும் கண் சிமிட்டுகிற ஒரு சின்னக் கட்டமும் வந்தன. வேறொன்றும் இல்லை, இருக்கவும் முடியாது. அப்போது கரண்ட் போனது. எங்கள் ஊரில் மழை தூறினாலே போகும். அவர் எல்லா ஒயரையும் உருவி, பெட்டியை மடியில் வைத்து மூடியைக் கழற்றித் தூசி துடைக்க ஆரம்பித்தார். பெட்டிக்கும் டிவிக்கும் தொடர்பே இல்லை. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் வந்தது. எங்களுடையது பழைய டிவி, தானாக உயிர் வந்துவிடும். ஒயர் இல்லாத டிவியில் புள்ளி புள்ளியாகப் பொரிய வேண்டும், இல்லையா? பொரியவில்லை. வெள்ளைத் திரை வந்தது. அதில் ஒரு கட்டம். அதற்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம். ஆடி அசைந்து ஒரு 'அ' வந்தது. நான் சங்கரைப் பார்த்தேன். அவர் திறந்த பெட்டியை மடியில் வைத்தபடி வாயைப் பிளந்துகொண்டிருந்தார். 'அம்மா சாப்பிட்டயா' என்று முழு வரியும் வந்து நின்றது.

அம்மா எழுந்தாள். சுவரைப் பிடிக்காமல் அவள் நடந்து நான் பார்த்து நாளாகியிருந்தது. நேராகப் போய்ச் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு, டிவிக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"இன்னும் இல்லய்யா ராசா" என்றாள். "நீ இனிமே வரமாட்டல்ல? இந்தா சாப்புடுதேன்."

அப்போதுதான் கீழே இரண்டாவது வரி ஆரம்பித்தது. கணேசன் அடித்தது எப்போதுமே ஒரு வரிதான். இது புதிது. ஒரு 'அ'. அடுத்து ஒரு 'க', அதன் தலையில் புள்ளி. அவ்வளவுதான் வந்தது. சங்கர் அலறிக்கொண்டு எழுந்து டிவி பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

"பாவி, என்னய்யா பண்ண!" என்று கத்தினேன்.

"தெரியலக்கா, கை தானா போயிருச்சு."

திரும்பச் சொருகினேன். புள்ளி புள்ளியாகப் பொரிந்தது. எத்தனை தடவை சொருகினாலும் அதேதான்.

அம்மா அன்றைக்கு ஒரு தட்டு ரசம் சோறு சாப்பிட்டாள். அழுதுகொண்டே சாப்பிட்டாள், மகனுக்காக அவள் அழுததே அன்றைக்குத்தான். அடுத்த வாரம் அவளே அவன் படத்துக்கு மாலை வாங்கி வரச் சொன்னாள். இப்போது நேரத்துக்குச் சாப்பிடுகிறாள், தேறிவிட்டாள்.

சங்கர் பெட்டியை எடுக்காமல் போய்விட்டார். பிறகு போன் செய்து, "பழைய டிவில முன்னாடி ஓடுனது சில நேரம் அப்படியே படிஞ்சு நிக்கும் அக்கா" என்றார். "மாசக்கணக்காவா சார் நிக்கும்? அப்ப ரெண்டாவது வரி எங்கிட்டு ஓடுச்சு?" என்று கேட்டேன்.

இப்போது கரண்ட் போய் வந்தால் டிவிக்கு முன்னால் ஓடிப்போய் நிற்கிறவள் நான்தான். "விடு ஆத்தா, அவன் போயிட்டான்" என்று அம்மா எனக்குச் சொல்கிறாள். பாருங்கள் கொடுமையை.

அவன் என்னைத்தான் கூப்பிட்டான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. என்னைத் தூங்கவிடாதது வேறு. அம்மாவின் வரி எப்போதும் போல மெதுவாகத்தான் வந்தது. என் வரி சடசடவென்று வந்தது. அந்தப் பெட்டியால் அவ்வளவு வேகமாக வரையவே முடியாது என்று சங்கரே சொல்கிறார். மருந்து கலக்குகிறவன் கை நிதானமான கை, என் தம்பி சாகிற வரைக்கும் எதற்கும் பறந்தவன் இல்லை. என்னிடம் சொல்வதற்கு அவனுக்கு அப்படி என்ன அவசரம்?