முப்பத்தோரு பூவாளி

என் அக்கா முப்பத்து நாலு வருஷம் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். விரிப்பைக் கையில் எடுத்ததும் கறையைப் பார்த்தே இது பிரசவ வார்டு, இது எலும்பு முறிவு வார்டு என்று சொல்லிவிடுவாள். “மனுஷன் பொய் சொல்லுவான், துணி சொல்லாது” என்பாள். இஸ்திரி தேய்த்துத் தேய்த்து வலது தோள் ஒரு விரற்கடை இறங்கிப்போச்சு. வாய் மட்டும் இறங்கவே இல்லை.

அம்மா போனபோது அக்காவுக்கு வயசு பன்னிரண்டு. அன்றிலிருந்து அடுப்பும் அவள்தான், அதட்டலும் அவள்தான். வளர்த்தது எங்கள் இரண்டு பேரை. என்னை, எனக்கு மேலே ஒரு அண்ணனை. அவனை வீட்டில் குருவி என்போம். ஒன்பது வயசில் மூணே நாள் காய்ச்சலில் போய்விட்டான். எனக்கு அப்போது ஆறு. முகம் கூடச் சரியாக நினைவில்லை. இருந்த ஒரே போட்டோவும் ஒரு மழையில் கூரை ஒழுகி, பெட்டியோடு ஊறிக் கூழாகிவிட்டது. அக்கா கல்யாணம் கட்டினாள், ரெண்டு பெத்தாள், புருஷனையும் வழியனுப்பினாள். ஆனாலும் யாராவது கூடப் பிறந்தவங்க எத்தனை பேர் என்று கேட்டால் இன்றைக்கும் “நாங்க மூணு பேரு” என்றுதான் சொல்வாள்.

நான் படங்களுக்குச் சட்டம் போடுகிறவன். பள்ளிக்கூடம் மூணு வருஷம். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அவசரத்துக்குப் படிக்க வராது.

நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தின் சாமான் அறையைச் சுத்தம் பண்ணும்போது ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. உள்ளே அந்தக் காலத்துப் பிள்ளைகள் வரைந்த படங்கள், வகுப்பு வாரியாக நூல் கட்டி. நகர மண்டபத்தில் பத்து நாள் பொதுமக்களுக்குக் காட்டப்போவதாக நூலகத்து அம்மா என் கடைக்கு வந்தார். நூற்று நாற்பது படம், ஆறு நாள் கெடு.

“முழுசா ஒட்டிடாதீங்கண்ணே. நாலு மூலையில லேசாப் பிடிச்சு வைங்க, போதும்.”

சரிங்கம்மா என்றேன். மனசுக்குள் வேற ஓடியது. மூலையில் பிடித்த காகிதம் நாலாம் நாள் நடுவில் உப்பும். பார்க்கிறவன் சட்டக்காரனைத்தான் திட்டுவான். இருபத்தெட்டு வருஷமாக என் கடையில் ஒரு படம் உப்பினதில்லை. மைதாப் பசை போட்டால் பூச்சி வரும் என்று, மரத்துக்குப் போடுகிற வெள்ளைப் பசையை எடுத்தேன். ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, பின்பக்கம் முழுக்கத் தடவி, அட்டையில் வைத்து உருளையால் அழுத்தினேன். பின்னால் பென்சிலில் ஏதோ எழுதியிருந்தது. வாத்தியார் போட்ட மார்க்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மண்டபத்தில் இறக்கினதும் நூலகத்து அம்மா ஒரு படத்தின் ஓரத்தை நகத்தால் நெருடிப் பார்த்தார். அசையவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“பேரெல்லாம் பின்னாலதான் இருந்துச்சுண்ணே. எழுதி எடுத்துக்கலாம்னுதான் மூலையில மட்டும்னேன்” என்றார். அப்புறம் எல்லாச் சீட்டிலும் ‘வரைந்தவர்: மாணவர்’ என்றே எழுதினார்.

இது தெரியாமல் முதல் நாளே அக்கா வந்தாள். “உன் கைவேலையைப் பார்க்கத்தான்டா வந்தேன்” என்று ஒவ்வொரு சுவராக நடந்தாள். மூணாவது சுவரில் நின்றாள். ஒரே பூவாளி, முப்பத்தோரு தடவை. வாத்தியார் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற பூவாளியை மேசையில் வைத்து வகுப்பையே வரையச் சொல்லியிருக்கிறார். சீட்டில் நாலாம் வகுப்பு என்று போட்டு வருஷமும் போட்டிருந்தது. குருவி போன வருஷம்.

“இது அவன் வகுப்புடா” என்றாள். “பேரு எங்க?”

சொன்னேன். பாதி சொல்லும்போதே என் கையைத்தான் பார்த்தாள்.

“அன்னைக்கு அவன் பள்ளிக்கூடம் போனானோ என்னமோக்கா” என்று இழுத்தேன்.

“போனான். அவன் ஒரு நாள் மட்டம் போட்டதில்ல. மட்டம் போட்டது நீ.”

மறுநாள் காலை முப்பத்தொன்றில் ஒன்றைக் கடைக்கு எடுத்துவந்து ஆவி காட்டினேன். நுனி கொஞ்சம் கொடுத்தது. ஆசையாக இழுத்தேன். பூவாளியின் மூக்கும் பிடியும், ரெண்டு பக்கத்துத் தாளோடு உரிந்து கையில் வந்தது; நடு வயிறு மட்டும் அட்டையில் நின்றது. பின்னால் எழுத்து இல்லை, பசைதான். காய வைத்து, அப்படியே கொண்டுபோய் மாட்டிவிட்டேன். வேறு என்ன பண்ண?

அக்கா தினமும் வந்தாள். மண்டபத்துக் காவலாளி அவளுக்கென்றே ஒரு நாற்காலி போட்டுவைத்தான். அவனையும் விடவில்லை. “என்னப்பா, நாற்காலி போட்டா தூங்கிடுவேன்னு பார்த்தியா?” என்றாள். கறை பார்க்கிற கண்ணால் ஒவ்வொரு பூவாளியாகப் பார்த்தாள். நாலாம் நாள் என்னைக் கூப்பிட்டாள்.

“மேசை நடுவுல இருந்திருக்கு. பிள்ளைங்க ரெண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கு. அதான் பாதிக்கு மூக்கு இடது பக்கம், பாதிக்கு வலது. குருவி ஜன்னல் ஓரம், முதல் பெஞ்சு. சாப்பாட்டுத் தூக்கை ஜன்னல் வழியாத்தான் நீட்டுவேன். ஜன்னல் எந்தப் பக்கம்?”

“வாத்தியார் மேடையில நின்னா அவருக்கு இடது.”

“வாத்தியார் பிடியைத் தன் பக்கமாத்தான் வச்சிருப்பாரு. அப்போ அவனுக்கு மூக்கு இடது பக்கம் தெரியும். முன்னாடி உட்கார்ந்ததால பூவாளி பெரிசாத் தெரியும். அப்படிப் பார்த்தா ஆறு.” விரலால் காட்டிக்கொண்டே போனாள். கடைசியில் நான் கிழித்த படத்தருகே விரல் நின்றது. “இதுவும் பெரிசா இருக்கு. மூக்கு எந்தப் பக்கம்டா இருந்துச்சு?”

எனக்குத் தெரியவில்லை. உரிந்த துண்டுகளைக் கடையில் தேடினேன். கூட்டித் தள்ளியாச்சு.

“சரி, ஏழு” என்றாள்.

அதற்கு மேல் குறையவில்லை. ஐந்தாம் நாளும் ஏழு, ஒன்பதாம் நாளும் ஏழு.

பத்தாம் நாள் மதியம், படங்களைக் கழற்றுவதற்கு முன்னால், நூலகத்து அம்மா ஒரு புதுச் சீட்டோடு வந்தார். “எதுக்குக் கீழன்னு சொல்லுங்கம்மா. உங்க தம்பி பேரை எழுதி வச்சுடறேன். யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க.”

அக்கா ஏழையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“ஒவ்வொண்ணாக் கவுத்துத்தானே பசை தடவுன?”

“ஆமாக்கா.”

“அவன் பேரு உன் கண்ணு முன்னால வந்துட்டுத்தானே போயிருக்கும்?”

“வந்திருக்கும்.”

“பார்த்தியா?”

“பார்த்தேன். படிக்கல.”

“ஒண்ணைக் கைகாட்டு” என்றாள். “எதா இருந்தாலும் நம்பிக்கிறேன். கேக்கவே மாட்டேன்.”

நூலகத்து அம்மா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். நான் கையைத் தூக்கினேன். மூணாவது படத்துக்கு நேராகக் கொண்டுபோனேன். அடுத்ததுக்கும் கொண்டுபோனேன். ஆறைத் தாண்டிக் கிழிந்ததுக்கு வந்ததும் கை தானாக இறங்கிவிட்டது.

“விடுங்கம்மா” என்றாள் அக்கா. “எழுதாதீங்க.”

காவலாளி ஏணியைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்தான். ஏறிக் கழற்ற வேண்டியது என் வேலை. ஏறினேன். அக்கா கீழே நின்று முப்பத்தொன்றையும் ஒவ்வொன்றாகக் கை நீட்டி வாங்கினாள். வாங்கின ஒவ்வொன்றையும் திருப்பி, பின்பக்கத்து அட்டையைப் பார்த்துவிட்டுத்தான் அடுக்கினாள்.