எஸ்தர் அக்கா ஜெயித்த ஞாயிற்றுக்கிழமைகள்

எஸ்தர் அக்கா போய்விட்டார்.

காலையில் லேபில் மெஷினை ஆன் பண்ணிக்கொண்டிருந்தபோது அவர் மகள் போன் பண்ணினாள். கேட்டுவிட்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்...

அடுகோடியில் எங்கள் ரத்தப் பரிசோதனை லேபில் அவரும் நானும் பல வருடம் ஒரே மேஜை. அவர் காக்ஸ் டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர், பேச்சில் கன்னடம் கலந்து வரும். நான் தர்மபுரியிலிருந்து வந்து தொம்மலூரில் ரூம் எடுத்தவன்.

ஊரார் காமாலையை எல்லாம் அளந்தவருக்குக் கடைசியில் கல்லீரலே... சரி, விடுங்கள். அழுமூஞ்சிப் பதிவு போட்டால் அக்கா மேலேயிருந்து திட்டுவார், அதனால் அவர் ஜெயித்த கதையைத்தான் எழுதப்போகிறேன்.

பேர்ட் ஆஃப் பாரடைஸ் பூ பார்த்திருப்பீர்கள். பெரிய ஹோட்டல் ரிசப்ஷன் ஜாடியில் நிற்குமே, ஆரஞ்சுக் கொண்டையும் நீல அலகுமாக... அக்கா வீட்டுக் குழாயடியில் அது ஒரு புதர் இருந்தது.

ஒருநாள் லஞ்சில் ஆரம்பித்தார். "குமாரு, அந்தச் செடியோட விதையில ஆரஞ்சு கலர்ல முடி இருக்குமாம். அந்தக் கலரு என்னா தெரியுமா? பிலிரூபின்!"

பிலிரூபின் என்றால் காமாலையில் கண்ணை மஞ்சளாக்கும் அதே சமாச்சாரம். நாங்கள் தினமும் அளப்பது.

"போங்கக்கா. ரத்தம் செதைஞ்சாதான் பிலிரூபின் வரும். செடிக்கு ஏது ரத்தம்?"

"ரத்தத்துல இருக்கற ஹீம்லேர்ந்துதான பிலிரூபின் வருது? அந்த ஹீம் செடிக்குள்ளயும் இருக்குப்பா. நான் படிச்சிட்டுதான் பேசறேன்."

"காட்டுங்க. காட்டிட்டா உங்க ஞாயித்துக்கெழம டியூட்டி மொத்தமும் நான் பாக்கறேன்."

வாய்க்கொழுப்பு எனக்கு. ஏனென்றால் ஞாயிறு காலை அக்காவுக்கு உயிர், சர்ச்சில் தமிழ் ஆராதனை கொயரில் பாடுகிறவர். ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு பாட்டை விட்டுவிட்டு அடுகோடிக்கு பஸ் ஏறுவார், அந்த வயிற்றெரிச்சலைத் திங்கட்கிழமை முழுக்க எங்கள்மேல் கொட்டுவார்.

நான் தைரியமாகத்தான் பந்தயம் கட்டினேன். அந்தச் செடி நம் ஊரில் பூக்கும், லேசில் காய்க்காது.

அதன் சொந்த ஊர் தென்னாப்பிரிக்கா. அங்கே குருவி வந்து நீல அலகின் மேல் உட்காரும், அந்தக் கனத்தில் அலகு பிளந்து மகரந்தம் காலில் ஒட்டிக்கொள்ளும், அது அப்படியே அடுத்த பூவுக்குப் போகும். இங்கே தேன்சிட்டு ஓரமாக நின்று தேனைக் குடித்துவிட்டு டாட்டா காட்டிவிடும்.

"குருவி வரலன்னா என்னா? நான் குருவியாவறேன்" என்றார் அக்கா.

முதல் வருடம் மொத்தமும் ஃபெயில். என்ன என்று விசாரித்தால்... மகரந்தம் வைக்கும் முன்னால் ஒவ்வொரு பூவையும் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்திருக்கிறார்! ரத்தம் எடுக்குமுன் கையைத் துடைத்துத் துடைத்துப் பழகிய பழக்கம்.

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. "சும்னே இரு, வாய மூடு... ஞாயித்துக்கெழம அழுவ பாரு நீ" என்றார் அக்கா.

அடுத்த சீசனில் ஸ்பிரிட் கிடையாது. சர்ச் வளாகத்தில் நின்ற இதே செடியின் பூவிலிருந்து மகரந்தத்தைப் பஞ்சுக்குச்சியில் எடுத்துவந்து, விரலால் அலகை அழுத்தித் திறந்து வைத்தார்.

ஒரே ஒரு காய் நின்றது. மாதக்கணக்கில் அதன் போட்டோதான் எனக்கு குட்மார்னிங் மெசேஜ்.

வெடித்த அன்று டிபன் பாக்ஸில் கொண்டுவந்தார். கறுப்பு விதை, ஒவ்வொன்றின் தலையிலும் ஆரஞ்சுக் கம்பளிக் குல்லா... அப்படி ஒரு பளீர்.

லஞ்ச் டைமிலேயே முடியைப் பிய்த்து மெத்தனாலில் ஊறப்போட்டோம். எங்கள் பரிசோதனைத் திரவம், அந்த ரீஏஜென்ட், பிலிரூபினைக் கண்டால் பிங்க் ஆகிவிடும்.

"ஒப்பிட்டுப் பாக்க வேற ஆரஞ்சு ஒண்ணு வேணும். இல்லன்னா ஒத்துக்க மாட்டேன்" என்று அடம்பிடித்தேன்.

அக்கா விருட்டென்று போய் ரிசப்ஷன் மஞ்சுளாவின் தலையிலிருந்து கனகாம்பரத்தை உருவிவிட்டார். "அய்யோ அக்கா, நன்ன ஹூவு!" என்று தன் பூவுக்காக அவள் கன்னடத்தில் கத்தினாள்.

அதையும் ஊறவைத்து, இரண்டு கண்ணாடிக் குழாயிலும் ரீஏஜென்ட் விட்டோம். கனகாம்பரக் குழாய்... ஒன்றும் ஆகவில்லை.

அக்காவின் குழாய்... பிங்க். பிங்க்கோ பிங்க்!

"அல்லேலூயா! வர்ற ஞாயிறு நீ குமாரு!" கொயரில் பழகிய தொண்டை இல்லையா, வெளியே காத்திருந்த பேஷன்ட் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள்.

மஞ்சுளா பூ போன கோபத்தை மறந்து கைதட்டினாள். தோற்ற நானும்தான் கத்தினேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அந்த வாரம் முழுக்க லெக்சர். வாழை இதற்குத் தூரத்துச் சொந்தமாம், நம் பார்க்கில் நிற்கும் விசிறி வாழை நெருங்கிய சொந்தமாம். மடகாஸ்கரில் லெமூர் வந்து தின்பதால் விசிறி வாழை விதைக்கு நீல முடி, தென் அமெரிக்காவில் இன்னொரு சொந்தம், அதற்குச் சிவப்பு.

"ஒரே குடும்பம்ப்பா. திங்க வர்றது யாரோ, அதோட கண்ணுக்கேத்த கலரு. சக்கத்தா, சூப்பரா இல்ல?" ஏதோ தானே சாயம் முக்கிக் கொடுத்த மாதிரி கேட்பார்.

ரிட்டயர் ஆகும்வரை ஒரு ஞாயிறுகூட அக்கா லேபுக்கு வரவில்லை. ஈஸ்டருக்கு லேப் லீவு விட்டபோது ஒருமுறை நான் போய் அவர் பாட்டைக் கேட்டேன்... முன் வரிசையில் நின்று, கூரை அதிரப் பாடினார்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். கண் இரண்டும் நல்ல மஞ்சள்.

அக்காதான் போன் கேமராவில் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "குமாரு, இப்ப என்னையப் புழிஞ்சாலும் பிங்க் வரும்டா."

பக்கத்து பெட் அம்மா முறைத்தார். நாங்கள் சிரித்தோம், நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

கிளம்பும்போது, "டியூட்டி ஒழுங்கா பாக்கறியா?" என்றார். "பாக்கறன்க்கா" என்றேன்.

அந்த விதை ஒன்று என் மேஜையில் சாம்பிள் பாட்டிலில் இருக்கிறது. இத்தனை வருடத்தில் அந்த ஆரஞ்சு மங்கவே இல்லை.

அடக்கம் திங்கட்கிழமை, காக்ஸ் டவுனில். தெரிந்தவர்கள் வாருங்கள்.

நாளைக்கு ஞாயிறு, அக்கா. காலை டியூட்டி என்னுடையதுதான்... நீங்க போய்ப் பாடுங்க.